கதவைத் திறந்த மாலை

மண்சரிவில் இறந்துபோன ஜீவராஜ், தினமும் அந்தி மூடுபனியில் வந்து தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் கதவைத் தட்டி மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தான். பிரேமினி திறக்கவில்லை. தூக்கமும் போய்விட்டது. ஹட்டன் டவுனில் பல பேரிடம் விசாரித்து, மருந்துக்கடை மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து மனநல ஆலோசகர் லோஜனாவைக் கண்டுபிடித்தாள்.

“அது உங்கட மனம்தான். இண்டைக்குத் திறந்து பாருங்கோ. ஒருத்தரும் நிக்கமாட்டினம்” என்றார் லோஜனா.

“நின்னா என்னங்க மிஸ் செய்றது?”

“எனக்கு ஃபோனில கோல் எடுங்கோ.”

இருவரும் சிரித்தார்கள்.

அன்று மாலையே பிரேமினியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஓர் ஆண்.

“ரொம்ப நன்றிங்க மிஸ். இத்தன நாளா வெளியில ஒரே குளிரு.”

“பிரேமினி எங்க?”

“அவ வெளியில நிக்கிறாங்க மிஸ்.”

அவன் பேசி முடித்த பிறகும் ஃபோனில் கதவு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.