ஃபாதரின் முட்டி வலி

"இந்த வருஷம் பாதம் கழுவப் போறதில்ல. பன்னெண்டு பேருக்கும் கைதான் கழுவப் போறேன்."

ஃபாதர் ஜெரோம் இப்படிச் சொன்னதும் கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டமே சலசலத்தது. முதலில் எழுந்தது தலைவர் டொமினிக்தான். லோரி கம்பெனி முதலாளி. குரலும் லோரி ஹாரன் மாதிரியே இருக்கும்.

"என்ன ஃபாதர் இது? பெரிய வியாழன்னாலே பாதம் கழுவுறதுதானே! இயேசு சீடருங்க பாதத்தைத்தான் கழுவுனாரு. கையக் கழுவுனது அவரைச் சிலுவைக்கு அனுப்புன பிலாத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார்.

"முட்டி வலி, டொமினிக். பன்னெண்டு பேர் முன்னால குனிஞ்சு குனிஞ்சு எழுந்திரிக்க முடியாது."

"முட்டி வலியா? சும்மா சொல்லாதீங்க லா ஃபாதர். போன சனிக்கிழமை பேட்மிண்டன்ல என்னை ஓட ஓட விரட்டுனீங்களே, அப்ப வலிக்கலையா?"

"அதனாலதான் வலி. இனிமே ஆடப் போறதில்ல."

கிள்ளானில் அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குருத்தோலை ஞாயிறு அன்று சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய வியாழன் பூசையில் அவர்கள் பீடத்துக்கு முன்னால் உட்கார, பங்குச் சாமியார் அவர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். பெயர் விழுந்த வீட்டுக்காரர்களுக்குப் பெருமை பிடிபடாது. இந்த முறை டொமினிக்குக்கும் விழுந்திருந்தது. காலுக்கு பெடிக்யூர்கூடச் செய்துவிட்டார் என்று பேச்சு. கடைசிச் சீட்டு, பீடத்துக்குப் பூ அலங்கரிக்கும் புனிதாவின் மகன் பிரவினுக்கு. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று புனிதா சொல்லியிருந்தார். கோயிலே கைதட்டியது.

"புனிதா, நீங்களும் பேரவையிலதானே இருக்கீங்க? சொல்லுங்க, இது நியாயமா?"

டொமினிக் கேட்டதும் புனிதா தலை குனிந்துகொண்டார்.

"எனக்கு என்னண்ணே தெரியும்..."

பெரிய வியாழன் வந்தது. பன்னிரண்டு நாற்காலிகள். டொமினிக் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கையை நீட்டினார். ஃபாதர் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, ஒவ்வொரு கையையும் முத்தமிட்டார். கடைசியில் பிரவின். அவன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். ஃபாதர் அதைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை சரி. அப்பத்தை உயர்த்திக் காட்டியதும் பழக்க தோஷத்தில் சட்டென்று முழந்தாளிட்டு, இளவட்டம்போல எழுந்துவிட்டார் மனிதர். எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்து பீடத்தைப் பிடித்துக்கொண்டார். பூசை முடிந்து நற்கருணை அப்பத்தை வைத்த இடத்திலோ, எல்லோரையும்விட அதிக நேரம் முழந்தாளில் இருந்தார். ஆண்டவருக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை போலிருக்கிறது.

"பாத்தீங்களா?" என்றார் டொமினிக் வெளியே வந்ததும். "நம்ம கால்னா அருவருப்பு, வேற ஒண்ணும் இல்ல. பேராயர்கிட்ட சொல்லி இவரை மாத்தச் சொல்றேன்."

ஈஸ்டர் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பேட்மிண்டன் நடந்தது. ஃபாதர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பந்து பறக்கும் பக்கமெல்லாம் அவர் தலை திரும்பிக்கொண்டிருந்தது. வலது கை மணிக்கட்டு சும்மா இருக்க முடியாமல் தானாக அசைந்தது.

புனிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்து இத்தனை நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஃபாதர், டொமினிக் அண்ணன் திங்கக்கிழமை பேராயரைப் பாக்கப் போறாராம். இனிமே என்னால பொறுக்க முடியாது. நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"எம்மவன் சிங்கப்பூருக்கே போகலன்னு. லாக்கப்ல இருந்துட்டு ஜாமீன்ல வந்திருக்கான்னு. கணுக்கால்ல போலீஸ்காரங்க அவன் எங்க போறான்னு பாக்குற கருவி மாட்டி விட்டிருக்காங்க, சிலுவார்க் காலைச் சுருட்டுனா கோயிலுக்கே தெரிஞ்சிரும்னுதான் நீங்க கையக் கழுவுனீங்கன்னு..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஃபாதர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்றதா இருந்தா பிரவின் சொல்லட்டும்மா. அவனுக்கு எப்ப தோணுதோ அப்ப."

"அவன் பேரை எடுத்துருங்கன்னுதானே ஃபாதர் நான் உங்ககிட்ட வந்து கேட்டேன்? எடுத்திருந்தா உங்களுக்கு இந்தக் கெட்ட பேரு வந்திருக்காதே."

"எடுத்திருந்தா ஏன்னு கேட்டிருப்பாங்க. அதுவும் இல்லாம, நீங்க எடுக்கச் சொல்லிட்டுப் போன பிறகு அவன் தனியா வந்தான். 'அந்த நாற்காலியில உட்கார நான் லாயக்கா ஃபாதர்?'னு கேட்டான். அப்புறம் எப்படிம்மா எடுக்கிறது?"

புனிதாவின் கண்ணீர் இப்போது நிற்காமல் வழிந்தது.

பந்து ஒன்று ஃபாதரின் காலடியில் வந்து விழுந்தது.

"ஃபாதர்! பந்து!" டொமினிக் கையை ஆட்டினார். "எடுத்துப் போடுவீங்களா, இல்ல அதுக்கும் முட்டி வலியா?"

மண்டபமே சிரித்தது. ஃபாதர் குனியவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே புனிதாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"கேஸ் எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம் ஆயிரும்னு லாயர் சொல்றாரு ஃபாதர்."

"சரி. பிரவின் காலை விட்டு அது கழர்ற அன்னிக்கு எனக்கும் முட்டி வலி போயிரும்."