மீன் வாலில் இருந்த பாட்டில்

ஏரிக்கரைப் பூங்காவில், ஏரியிலிருந்து பொறுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கோத்துப் பெரிய மீன் சிலை ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். நடக்க வந்தவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

“இந்த ஏரி ஒரே குப்பை. நம்மளப் பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்று அலுத்துக்கொண்டது வாலில் இருந்த பாட்டில்.

கீழே தண்ணீரில் மிதந்த பாட்டில் அண்ணாந்து பார்த்தது. “போன மாசம் வரைக்கும் நீயும் இங்கதானே என்கூட மிதந்தே?”

“அது அப்போ.”

சாயங்காலம் பலத்த காற்று அடித்தது. வாலைக் கட்டியிருந்த கம்பி அறுந்து, அந்தப் பாட்டில் ஏரிக்குள் விழுந்தது.

“வாப்பா” என்று பழைய பாட்டில் பக்கத்தில் வந்தது.

“கொஞ்சம் தள்ளியே இரு. என்னைத் தேடிக்கிட்டு வருவாங்க. அவங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?”