தூசியைக் கரைக்கும் டீ

கல் உடைக்கும் ஆலை வாசலில் டீ விற்பவர், முகமூடி இல்லாமல் வருகிறவனுக்கு டம்ளரை நீட்டுவதில்லை.

"சூடா டீ உள்ள போனா நெஞ்சுத் தூசியெல்லாம் கரைஞ்சிடும்ணே. முகமூடி எதுக்கு?" என்றான் புது லோடுமேன்.

"டீ போறது வயித்துக்கு. தூசி படியிறது நுரையீரல்ல."

"உங்க பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போடுறீங்களே! ஆலை முழுக்க டீ தூசியைக் கரைக்கும்னுதானே சொல்றாங்க. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். டீக்காரர் சட்டென்று திரும்பினார். பெஞ்ச் காலியாக இருந்தது.

"யாரைண்ணே பார்க்கறீங்க?"

"என் தம்பியை. முகமூடியைத் தூக்கிப் போட்டுட்டு இங்கதான் டீயா குடிப்பான். இருமி இருமியே போய்ச் சேர்ந்துட்டான்."

கொதிக்கும் டீயை அவர் ஆற்றவே இல்லை.

"கிளப்பிவிட்டது நான்தான். டீ போணியாகணுமேன்னு சொன்னேன். அவனும் நம்பிட்டான்."