எட்டுத் தவளைகள்

ஞாயிறு முழுக்க ஊறுகாய் ஜாடியோடு மல்லுக்கட்டினார் ஃபெங். நிலம் அதிர்ந்தால் ஜாடியைச் சுற்றியிருக்கும் எட்டு டிராகன்களில் ஒன்றின் வாயிலிருந்து கோலிக்குண்டு விழ வேண்டும். அதன் கீழே உள்ள தவளை அதைக் கவ்வ வேண்டும். சீனத்தின் பழங்காலக் கண்டுபிடிப்புகளில் ஒன்றைச் செய்து வரும்படி, மகள் நிங்ஷினின் குழுவுக்குப் பள்ளியில் கொடுத்த வேலை அது. குழுவில் நாலு பிள்ளைகள். மற்ற மூன்று அப்பாக்களும் போனில் யோசனை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நாலாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்த வாத்தியாரை என்ன பண்ணலாம்?" என்றாள் மனைவி யுன். ஜாடி அவளுடையது.

"நாலு சாத்து சாத்தலாம். சுத்த மண்டு, அந்த ஆளு."

"எனக்கு அது பத்து வருஷமாத் தெரியும்."

நிங்ஷின் சோபாவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் நாங்களேதான் செய்யணும்னு வாத்தியார் கண்டிப்பாச் சொன்னாருப்பா."

"சொல்லுவாரு. அவருக்கென்ன, வாய் மட்டும்தானே வேலை செய்யுது."

"தவளைக்கு இன்னும் கொஞ்சம் பச்சை அடிங்க."

அடித்தார்.

திங்கட்கிழமை வகுப்பு மேசைகளில் திசைகாட்டி, காகிதப் பட்டறை, அச்சு எந்திரம் என்று வரிசையாக நின்றன. எதிலும் ஒரு கோணல்கூட இல்லை. வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"உண்மையைச் சொல்லணும். அப்பா அம்மா கை படாமத் தாங்களே செஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது நிங்ஷினின் கை.

பச்சைப் பெயின்ட் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரொம்ப நல்லது" என்றார் வாத்தியார் ஃபெங்.