வாயில் வராத பேர்

“குட் ஈவினிங், கிளமெண்ட்.”

சொல்லிவிட்டாள். இன்றைக்கும்.

அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். முன்னறையில் அவள் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் இங்கிலீஷ் பேச வேண்டுமாம். அதற்குத்தான் இந்த வகுப்பு. சேர்த்துவிட்டதே அவன்தான். சொந்தக் காசில் சூனியம்.

வாத்தியாரை சார் என்று கூப்பிடக் கூடாதாம். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம்.

பெரிய கிளமெண்ட்!

கட்டிய புருஷன் பேரை அவள் இதுவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டால், அவனை முழங்கையால் இடிப்பாள். கோயிலில் அர்ச்சனைக்கு மகள்தான் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தைத் தாண்டி இருக்கிற ஊருக்கும் அவன் பேர்தான். போய்வந்து பக்கத்து வீட்டில், “அந்தக் கடைசி முனை வரைக்கும் போனோம்” என்றாள்.

அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கிளமெண்ட் வரும்வரை.

போனில் அந்த ஆளின் குரல் கேட்டது. நல்ல குரல் வேறு.

“தமிழ்ல பொறாமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிர்றோம். இங்கிலீஷ்ல ரெண்டு இருக்கு. அடுத்தவங்ககிட்ட இருக்கறது நமக்கு இல்லையேன்னு தவிச்சா, அது என்வி. நம்மளோடதை அடுத்தவன் கொண்டுபோயிருவானோன்னு பயந்தா, ஜெலஸ்.”

கீரையில் இருந்த கை நின்றது.

தனக்கு எது?

அவள் எங்கேயும் போய்விட மாட்டாள். அந்தப் பயம் அவனுக்குக் கிடையாது. அந்த ஆளுக்கு அவள் வாயில் ஒரு பேர் இருக்கிறது. தனக்கு இல்லை. அப்படியானால் என்வி.

கிளமெண்ட்டிடமே பாடம் படித்துவிட்டோமே என்று இன்னும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

“இப்ப ஆளுக்கொரு வாக்கியம். வீட்ல இருக்கறவங்களை வெச்சுச் சொல்லுங்க.”

யாரோ ஒரு பெண் தன் நாத்தனாரின் வளையலை வாக்கியத்துக்குள் இழுத்தாள். இன்னொருத்தி ஓரகத்தியை. பிறகு இவள் முறை.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“தனுஷ்கோடி ஈஸ் ஜெலஸ்.”

“வெரி குட்!” என்றார் கிளமெண்ட்.

கீரை காம்போடு சட்டியில் விழுந்தது.

அவன் எழுந்து முன்னறைக்கு வந்தான்.

“இப்ப என்ன சொன்ன?”

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் சிரிப்பு.

“ஐயோ, இங்கிலீஷ்லதாங்க சொன்னேன்.”

அவனுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

கல்யாணமான நாளாக அவன் காத்திருந்த பேர். முதல் தடவையாக வாய் திறந்து சொல்லியிருக்கிறாள்.

அதையும் கிளமெண்ட்டிடம்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். மேலே இன்னொரு தலையணையையும் வைத்தான்.

அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“எங்கிட்டச் சொல்லு. இங்கிலீஷ்லயே சொல்லு.”