துரை கேட்ட இதமான சொல்

கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கதிரேசு கிராணி ஆங்கில அகராதியை விரித்து வைத்திருக்கிறார். ரப்பர் விலை விழுந்துவிட்டது. நாற்பது பேரை ஊருக்குக் கப்பலேற்ற வேண்டும். ‘டிஸ்மிஸ்’ என்று அவர் எழுதிய கடிதத்தைத் துரை கோடு கிழித்துத் திருப்பிவிட்டார். காதுக்கு இதமாக ஒரு சொல் வேண்டுமாம். ‘டிஸ்சார்ஜ்’ என்றால் சுமை இறக்குவது, துப்பாக்கி சுடுவது, புண்ணில் சீழ் வடிவது. ‘ரிலீஸ்’ என்றால் சிறையிலிருந்து விடுவது. ‘ரிலீவ்’ என்றால் வலி தணிப்பது. அவர் விரல் அங்கே நிற்கிறது. தகரக் கூரையில் மழை ஓய்கிறது. பட்டியலில் பெயர் வந்தவர்கள் பால் வெட்டும் உளியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அங்கம்மா அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“எம் பேரு இருக்குங்களா, கிராணி ஐயா?”

“இருக்கு.”

“அப்புறம் இவ்வளவு நேரமா என்னத்தைத் தேடுறீங்க?”

“உங்களுக்கு நல்ல சொல்லா ஒண்டு.”

அவள் உளியை மேசைமேல் வைக்கிறாள். கைப்பிடி இன்னும் ஈரமாக இருக்கிறது.

“எந் தங்கச்சி செல்லம் பேரு?”

“இல்லை. அவ இங்கதான்.”

அங்கம்மா அகராதியையே பார்க்கிறாள். “அத்தாம் பெரிய பொஸ்தகம். அவ பேரும் இருக்கும், இன்னொருக்கா நல்லாப் பாருங்கய்யா.”

கதிரேசு பக்கத்தைப் புரட்டுகிறார்.