சன்னாசி அண்ணனின் கட்டில்

"இந்த ஆளுக்கு இந்த மாசத்தோட வேலையும் கிடையாது, வீடும் கிடையாது!" என்றார் ஜெயபாலன். ஈப்போவில் இருந்த எங்கள் கம்பெனி ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி.

அது 1979. தாப்பாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம். இன்றைக்கு அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. அன்று தோட்டத்துக்கென்று ஒரு குட்டி ஆஸ்பத்திரி இருந்தது. பத்துக் கட்டில், டெட்டால் வாசம், காலையில் ஒரு மங்கு கோப்பி. நவமணி என்கிற நான் அங்கே பிரசவ அறை ஆயா. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு நாளை நினைத்தால் மட்டும் வெட்கம்.

குடித்துவிட்டு வந்து படுத்தவர்களின் கணக்கை எடுக்க வந்திருந்தார் ஜெயபாலன். அட்மிஷன் புத்தகத்தைப் புரட்டினார்.

"எழுபத்திரண்டாம் வருஷம் முப்பத்தொரு தடவை. போன வருஷம் பதினாறு. குறைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா அந்தப் பதினாறுல பன்னிரண்டு இந்த ஒரே ஆளு! மாசம் தவறாம வந்திருக்கான். மூணு தடவைக்கு மேல போனா கம்பெனி வெச்சிருக்காது."

டிரஸர் சதாசிவம் ஐயா மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்துக்கு டாக்டர், கம்பவுண்டர் எல்லாமே அவர்தான்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"நல்லாச் சொன்னீங்க சார். செல்லாயி அக்கா பாவம்லா. இந்த அண்ணனைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டுச்சு?"

கூப்பிட்டு விட்டார்கள். பால்வெட்டை முடித்த கையோடு சன்னாசி அண்ணன் வந்து நின்றார்.

"மாசா மாசம் இங்க வந்து படுக்கிறது நீதானே?"

"ஆமாங்க."

"வெட்கமா இல்ல?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டை மட்டும் எடுத்துறாதீங்க சார். புள்ளைங்க படிக்குதுங்க."

"அதைக் குடிக்கிறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்" என்று பேனாவைத் திறந்தார் ஜெயபாலன்.

"சார்" என்றார் டிரஸர் ஐயா. "கையெழுத்துப் போடறதுக்கு முன்ன, அவன் வந்த தேதியைக் கொஞ்சம் பாருங்க."

ஜெயபாலனின் விரல் வரிசையாக இறங்கியது. "ஆறு... ஆறு... ஆறு... எல்லாமே ஆறாந்தேதி."

"தோட்டத்துல சம்பளம் ஏழாந்தேதி. மத்தவன்லாம் எட்டாந்தேதி வந்து படுப்பான். பை காலியா இருக்கிற நாள்ல இவனுக்கு மட்டும் யாரு சார் ஓசியில சம்சுச் சாராயம் ஊத்துவா?"

ஜெயபாலன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"குடியை விடணும்னு நினைச்சு ரெண்டு தடவை தோத்துட்டேங்க" என்றார் அண்ணன். "சம்பள மேசையில அவனவன் நேர்ல நின்னுதான் வாங்கணும். வாங்கிட்டுத் திரும்பினா கூட்டாளிங்க சம்சுக் கடைக்கு இழுப்பானுங்க. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. ஆஸ்பத்திரியில படுத்திருந்தா மட்டும், ஐயா குடுக்கிற சீட்டைக் காட்டிப் பெண்டாட்டி வாங்கிக்கலாம். அதான் ஐயா கால்ல விழுந்தேன். அஞ்சு வருஷமாச்சு, ஒரு சொட்டுத் தொடல."

ஏழாந்தேதி மத்தியானம் செல்லாயி அக்கா அவருக்குச் சோறு கொண்டு வருவாள். அவள் அழுதுகொண்டே போவதாக லயத்து வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்தவளே நான்தான். ஒரு நாளாவது அவள் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால்தானே!

ஜெயபாலன் பட்டியலில் அந்தப் பெயரை அடித்தார். பதினாறு, நான்காயிற்று. ஆனாலும் கோபம் தணியவில்லை.

"சும்மா படுக்க வைக்கிறதுக்குக் காய்ச்சல்னு எழுத வேண்டியதுதானே டிரஸர்? குடின்னு எழுதி ஏன் இவன் பேரைக் கெடுத்தீங்க?"

டிரஸர் ஐயா புத்தகத்தை மூடினார்.

"காய்ச்சல்னா ரத்தம் எடுத்து ஈப்போவுக்கு அனுப்பணும். வயித்து வலின்னா தாப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும். தோட்டத்து ஆளு குடிச்சிருக்கான்னு எழுதினா மட்டும் யாரும் அத்தாட்சி கேட்கிறதில்லை சார். அஞ்சு வருஷமா இந்த நவமணியும் கேட்கல, இன்னைக்கு நீங்களும் கேட்கல."